3995 மில்லிமீட்டர்: நம்ம காரை வரையுறது யாரு?

ஒரு சின்ன வேலை கொடுக்கிறேன், செஞ்சு பாருங்க. போன்ல ஏதாவது ஒரு கார் ஒப்பீட்டுத் தளத்தைத் திறங்க. மாருதி டிசையர், மாருதி பிரெஸ்ஸா, ஹூண்டாய் வென்யூ, கியா சோனெட், டாடா நெக்ஸான், ஸ்கோடா கைலாக். இந்த ஆறு காரோட நீளத்தை மட்டும் பாருங்க. விலை, மைலேஜ், சன்ரூஃப் எதுவும் வேண்டாம்.

ஆறுக்கும் ஒரே நீளம்: 3995 மி.மீ.

ஐந்து கம்பெனி. ஒன்னு செடான், மத்ததெல்லாம் எஸ்யூவி. ஒன்னு ஜப்பான்காரங்க வழி வந்தது, ரெண்டு கொரியா, ஒன்னு ஐரோப்பா, ஒன்னு நம்ம நாட்டு டாடா. இவங்க எல்லாரும் சொல்லி வெச்ச மாதிரி மில்லிமீட்டர் பிசகாம ஒரே இடத்துல வந்து நிக்கிறாங்க. நிஸ்ஸான் மேக்னைட் 3994. மாருதி பலேனோ 3990. அவங்களும் அதே வாசலில்தான் நிக்கிறாங்க.

காற்றியக்கவியல் கணக்கு போட்டு யாரும் இந்த எண்ணைக் கண்டுபிடிக்கல. பயணிகளோட கால் நீளத்தை அளந்தும் வரல. இது ஒரு வரிக் கோடு. நம்ம ஊர்ல கார் எவ்வளவு விலை, எப்படி இருக்கும், யார் வாங்க முடியும்ங்கிற மூணையும் டிசைனருக்கு முன்னாடியே இந்தக் கோடு தீர்மானிச்சிடுது. கார் பைத்தியமா இருக்கிற நாம பெரும்பாலும் ஹெட்லைட்டைப் பத்தியும் கிரில்லைப் பத்தியும் சண்டை போடுறோம். இந்தக் கோட்டைப் பத்திப் பேசுறதே இல்லை. அதனாலதான் இந்தக் கட்டுரை.

கோடு எங்கிருந்து வந்தது?

2006 பிப்ரவரி மத்திய பட்ஜெட். நிதியமைச்சர் ப.சிதம்பரம் சின்ன கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். சின்ன கார்னா என்ன? அதுக்கு ஒரு வரையறை வேணும். நீளம் 4000 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. இன்ஜின் பெட்ரோல்னா 1200 சிசி, டீசல்னா 1500 சிசி வரைக்கும்தான். அவ்வளவுதான் விதி.

நோக்கத்தில் தப்பு சொல்ல முடியாது. சின்ன கார்களை இங்கே தயாரிக்கணும், நம்ம மக்களும் வாங்கணும், வெளிநாட்டுக்கும் போகணும். அது ஓரளவு நடக்கவும் செய்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாரான ஹூண்டாய் ஐ10 கப்பல் கப்பலா வெளிநாடு போனதை நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதுக்கப்புறம் வரிச் சதவீதம் பலமுறை மாறியது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. சின்ன பெட்ரோல் காருக்கு செஸ் சேர்த்து 29 சதவீதம். கோட்டைத் தாண்டின நடுத்தரக் காருக்கு அந்த செப்டம்பர் முதல் 45, பெரிய எஸ்யூவிக்கு 50. பிறகு 2025 செப்டம்பர் 22 முதல் செஸ்ஸை எடுத்துட்டு எல்லாத்தையும் எளிமையாக்கினாங்க: சின்ன காருக்கு 18, மத்ததுக்கு 40.

எல்லாக் காரும் விலை குறைஞ்சது, எல்லாரும் சந்தோஷப்பட்டோம். ஆனா ஒரு விஷயத்தைக் கவனிச்சீங்களா? கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள வித்தியாசம் 2006-இல் தொடங்கும்போது 8 புள்ளி. ஜிஎஸ்டி காலத்தில் 29-க்கும் 45-க்கும் நடுவில் 16 புள்ளி. இப்போ 18-க்கும் 40-க்கும் நடுவில் 22 புள்ளி. வரி குறைஞ்சிருக்கு, ஆனா பள்ளம் ஆழமாகியிருக்கு.

சாய்வு இல்லை, படி

முதல் வருஷம் சிக்னல்ஸ் பேப்பர் எழுதினவங்களுக்கு இது சட்டுனு புரியும். வரி ஒரு ராம்ப் மாதிரி மெதுவா ஏறலாம். இல்லன்னா ஸ்டெப் ஃபங்ஷன் மாதிரி ஒரே இடத்துல குதிக்கலாம். வருமான வரி ஸ்லாப் எடுத்துக்கோங்க. ஸ்லாப்பைத் தாண்டினா, தாண்டின தொகைக்கு மட்டும்தான் கூடுதல் விகிதம். கார் வரி அப்படி இல்லை. 4000 மி.மீ. வரைக்கும் 18. 4001 ஆச்சுன்னா அந்த ஒரு மில்லிமீட்டருக்கு மட்டும் இல்ல, முழு காருக்கும் 40.

ஒரு கணக்கு போடுவோம். வரிக்கு முன்னாடி 7.5 லட்சம் அடக்கம் ஆகிற ரெண்டு கார். ஒன்னு 3.995 மீட்டர், இன்னொன்னு 4.05 மீட்டர். இன்ஜின் ஒன்னே. உள்ளே இருக்கிற இரும்பும் கிட்டத்தட்ட ஒன்னே.

முதல் கார்: 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தா 8.85 லட்சம். ரெண்டாவது கார்: 40 சதவீதம் சேர்த்தா 10.50 லட்சம்.

இதோட முடியல. தமிழ்நாட்டில் ஆயுள்கால சாலை வரி இருக்கு. 2023 நவம்பரில் திருத்தின விகிதப்படி 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதுக்கு மேல 20. இதுவும் படிதான், சாய்வு இல்லை. நம்ம முதல் கார் 13-இல் விழுது, ரெண்டாவது 10 லட்சத்தைத் தாண்டிட்டதால் 18-இல் விழுது. எளிமைக்காக எக்ஸ்-ஷோரூம் விலை மேலேயே கணக்குப் போட்டா, முதல் கார் கிட்டத்தட்ட 10 லட்சம். ரெண்டாவது கார் 12.39 லட்சம்.

ஐந்தரை சென்டிமீட்டருக்கு 2.39 லட்சம் ரூபாய்! உங்க சுண்டு விரல் நீளம்தான் இருக்கும். இதுல ஒரு ரூபாய்க்குக் கூட கூடுதல் இரும்போ ஏர்பேகோ கிடையாது.

இப்படி ஒரு படி இருந்தா டிசைன் டீம் என்ன செய்யும்? நீங்களோ நானோ இருந்தாலும் அதைத்தான் செய்வோம். படியோட விளிம்பு வரைக்கும் போய் நிப்போம். 5 மி.மீ. இடம் விட்டுட்டு 3995-இல் நிறுத்துவோம். இன்ஜினும் அப்படித்தான். மாருதியோட 1.2 இன்ஜின் 1197 சிசி. ஹூண்டாய் 1.2-ம் 1197. டாடா 1199. நெக்ஸான் டீசல் 1497. ஹூண்டாய் டீசல் 1493. இந்த எண்களையெல்லாம் இதுவரைக்கும் ஸ்பெக் ஷீட்ல சும்மா தாண்டிப் போயிருப்பீங்க. ஒவ்வொன்னும் ஒரு வரிக் கோட்டுக்கு முன்னாடி போட்ட பிரேக்.

இது என் ஊகம் இல்லைங்கிறதுக்கு ஒரு நல்ல சோதனையும் இருக்கு: மின்சாரக் கார்கள். அவற்றுக்கு நீளம் எதுவானாலும் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். கோடு இல்லாத இடத்தில் என்ன நடக்குது பாருங்க. எம்ஜி காமெட் 2974 மி.மீ. எம்ஜி விண்ட்சர் 4295. மஹிந்திரா பிஇ 6, 4371. இஷ்டத்துக்குச் சிதறிக் கிடக்கு. பெட்ரோல் காரோட உடம்பையே எடுத்துக்கிட்டு வந்த நெக்ஸான் இவி மாதிரி ஆளுங்கதான் இன்னும் அந்தக் கோட்டுக்குள்ளே நிக்கிறாங்க. கோட்டை எடுத்தா கூட்டமும் கலைஞ்சிடுது.

கத்தி வெச்சா என்ன ஆகும்?

சரி, வெட்டினா வெட்டட்டும், நமக்கென்னன்னு கேக்கலாம். கார் என்பது நாலு மூலையில் சக்கரம் வெச்ச ஒரு பெட்டி. நீளத்தை ஒரு இடத்தில் குறைச்சா வேற எங்கேயோ அது வெளியே தெரியும்.

மாருதி டிசையரே நல்ல உதாரணம். 2008-இல் வந்த முதல் ஸ்விஃப்ட் டிசையர் 4160 மி.மீ. நீளம், டிக்கி 440 லிட்டர். 2012-இல் வந்த அடுத்த தலைமுறை 3995 மி.மீ. 165 மி.மீ. வெட்டினாங்க. ஆனா வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம், 2390-இலிருந்து 2430 ஆக ஏறியது. அப்போ உட்காருற இடத்தில் கை வைக்கல. கத்தி விழுந்தது முழுக்க டிக்கி மேல. 440 லிட்டர் 316 ஆச்சு. பின்னால் இருந்து பார்த்தா டிக்கியைக் கதவுல நசுக்கின மாதிரி இருக்குன்னு அப்போ பலரும் கிண்டல் பண்ணினாங்க. விற்பனையோ பிச்சுக்கிட்டுப் போச்சு. ஏன்னா வாங்குறவருக்கு வரி மிச்சம் கண்ணுக்குத் தெரிஞ்சது.

இந்த வழியை முதலில் காட்டியது டாடா. 2008-இல் இண்டிகோ சிஎஸ்னு ஒரு செடானை 4 மீட்டருக்குள்ளே அடக்கிக் காட்டினாங்க. அதுக்குப் பின்னாடி ஹோண்டா அமேஸ், ஹூண்டாய் எக்ஸென்ட்னு வரிசை கட்டி வந்தது. உலகத்தில் வேற எங்கேயும் இப்படி ஒரு ரகம் இவ்வளவு பெருசா வளரல. வேற எங்கேயும் இந்தக் கோடு இல்லை, அதான் காரணம்.

மஹிந்திரா எக்ஸ்யூவி 300 இன்னொரு கதை. அதோட அடிப்படை கொரியாவின் சாங்யாங் டிவோலி. டிவோலி சுமார் 4.2 மீட்டர். இங்கே வரும்போது 3995. இருபது சென்டிமீட்டர் எங்கே போச்சு? பெரும்பகுதி பின்பக்கம். அதனால அந்தக் காரில் டிக்கி ரொம்பச் சின்னதுன்னு ஒவ்வொரு விமர்சனத்திலும் திட்டு வாங்கியது.

நீளத்தில் வளர முடியாதப்போ கார் உயரத்தில் வளரும். அப்பார்ட்மென்ட் கட்டுற அதே தர்க்கம்தான். ஆளை நிமிர்த்தி உட்கார வெச்சா கால் நீட்டுற தூரம் குறையும், குறைஞ்ச நீளத்தில் அஞ்சு பேரை அடைக்கலாம். ஆனா ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் ஞாபகம் இருக்கில்ல? காற்று இழுவை முகப்புப் பரப்பளவுக்கு நேர் விகிதத்தில் இருக்கு, வேகத்தோட இருமடிக்கும் நேர் விகிதத்தில் இருக்கு. அந்த இழுவையை ஜெயிக்கத் தேவையான திறன் வேகத்தோட மும்மடிக்குப் போகும். ஊருக்குள் 40-இல் ஓட்டும்போது உயரமான கார் வலிக்காது. திருச்சி ஹைவேயில் 100-இல் போகும்போது பெட்ரோல் முள் சொல்லும்.

ஒரு கட்டுப்பாடு எப்பவும் கெட்டதையே கொடுக்கும்னு சொல்ல மாட்டேன். நல்ல இன்ஜினியர் கையில் கட்டுப்பாடு கிடைச்சா அருமையான பொருளும் வரும். ரெனோ டிரைபரைப் பாருங்க. 2019-இல் வந்தது, நம்ம ஒரகடத்தில் தயாராகுது. 3990 மி.மீ.க்குள்ளே ஏழு சீட். கடைசி வரிசை சீட்டைக் கழட்டி வீட்டில் வெச்சுட்டா டிக்கி 625 லிட்டர். ஏழு பேர் உட்கார்ந்தா 84 லிட்டர்தான், ஒரு பை வைக்கலாம். ஆனா எது வேணும்னு முடிவு செய்யுறது உங்க கையில் இருக்கு. 4 மீட்டர் கோட்டுக்காக வெட்டின கார் இல்லை அது, 4 மீட்டருக்காகவே யோசிச்ச கார். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. ஒன்னு துணியை வெட்டித் தைக்கிறது, இன்னொன்னு தைச்ச பேன்ட்டைக் கத்தரிக்கிறது.

சிசி எதை அளக்குது?

நீளக் கோட்டைவிட இன்ஜின் கோடு எனக்கு வேடிக்கையா இருக்கும். 2013-இல் மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் இருந்து ஈகோஸ்போர்ட் வந்தது. அதுல ரெண்டு பெட்ரோல் இன்ஜின். ஒன்னு 1.5 லிட்டர், 112 குதிரைத்திறன். இன்னொன்னு 1.0 லிட்டர் டர்போ, 999 சிசி, 125 குதிரைத்திறன். எதுக்குச் சின்ன கார் சலுகை கிடைச்சது? வேகமான 1.0 டர்போவுக்கு! சாதுவான 1.5-க்குக் கிடையாது.

அதாவது சிசியை வெச்சு ஒரு கார் சக்தி வாய்ந்ததா, சாதாரணமானதான்னு பிரிக்கிற காலம் டர்போ வந்த அன்னைக்கே முடிஞ்சு போச்சு. விதி மட்டும் இன்னும் அங்கேயே நிக்குது. இன்னைக்கு 4 மீட்டருக்குள் விற்கிற கார்களில் மூணு சிலிண்டர் 1.0 டர்போ இவ்வளவு பரவினதுக்கு எரிபொருள் சிக்கனம் ஒரு காரணம்னா, இந்தக் கோடு இன்னொரு காரணம்.

எஸ்யூவி விஷயமும் இப்படித்தான். பழைய செஸ் விதியில் ஒரு கார் எஸ்யூவியாகக் கருதப்படணும்னா 4 மீட்டருக்கு மேல் நீளம், 1500 சிசிக்கு மேல் இன்ஜின், 170 மி.மீ.க்கு மேல் கிரவுண்ட் கிளியரன்ஸ் மூணும் இருக்கணும். அப்போ கம்பெனிக்காரன் என்ன செய்வான்? ஹேட்ச்பேக் பிளாட்ஃபார்மை எடுத்து, கொஞ்சம் தூக்கி, சுத்தியும் கறுப்பு பிளாஸ்டிக் பட்டை ஒட்டி, கூரையில் ரெண்டு கம்பி வெச்சா, பார்க்க எஸ்யூவி, வரியில் சின்ன கார். ஹூண்டாய் எக்ஸ்டரும் கிராண்ட் ஐ10 நியோஸும் ஒரே 2450 மி.மீ. வீல்பேஸ், ஒரே 1.2 இன்ஜின். எக்ஸ்டர் கெட்ட கார்னு சொல்ல வரல. சட்டைக்குக் கொடுக்கிற காசையும் உடம்புக்குக் கொடுக்கிற காசையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியணும்னு மட்டும்தான் சொல்றேன்.

மலிவு கார் எங்கே போச்சு?

"அப்பா காலத்துல மாருதி 800 எவ்வளவு மலிவு, இப்போ ஆல்டோவே எட்டாத உயரம்"னு புலம்பாத வீடு இல்லை. விலை ஏறினதுக்குக் காரணம் வெறும் பேராசைன்னு முடிச்சுட முடியாது. ஒரு வரிசையைப் பாருங்க. 2019 ஏப்ரல்: எல்லாக் காருக்கும் ஏபிஎஸ் கட்டாயம். 2019 ஜூலை: டிரைவர் ஏர்பேக், சீட் பெல்ட் எச்சரிக்கை, பின்பக்க சென்சார். 2020 ஏப்ரல்: பிஎஸ் 4-இலிருந்து நேரா பிஎஸ் 6. 2021 முடிவோட: முன்னாடி உட்கார்றவருக்கும் ஏர்பேக். பிஎஸ் 6 வந்தப்போ டீசலுக்கு ஏற வேண்டிய செலவைப் பார்த்துட்டு மாருதி டீசல் காரையே நிறுத்திடுச்சு.

இந்தச் செலவை நான் குறை சொல்ல மாட்டேன். 2014-இல் குளோபல் என்சிஏபி நம்ம ஊர்ச் சின்ன கார்களை மோதிப் பார்த்தப்போ ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ அஞ்சும் ஏர்பேக் இல்லாத மாடலில் பூஜ்யம் ஸ்டார். அந்த மலிவுக்கு யார் விலை கொடுத்தாங்கன்னு யோசிச்சா பழைய விலைப் பட்டியல் இனிக்காது.

நானோவைச் சொல்லாம இந்தப் பேச்சு முடியாது. ஒரு குடும்பமே ஸ்கூட்டரில் தொத்திக்கிட்டுப் போறதைப் பார்த்து ரத்தன் டாடாவுக்கு வந்த யோசனை அது. 2008 ஜனவரியில் டெல்லியில் காட்டினாங்க, 2009-இல் விற்பனைக்கு வந்தது. ஒரு லட்சம் ரூபாய்ங்கிற விலையை முதலில் எழுதிட்டு, அப்புறம் காரை வரைஞ்சாங்க. பின்னாடி 624 சிசி ரெண்டு சிலிண்டர் இன்ஜின். ஒரே வைப்பர். சக்கரத்துக்கு நாலு நட்டு போடுற இடத்தில் மூணு. நீளம் 3.1 மீட்டர், ஆனா உள்ளே நாலு பெரியவங்க தாராளமா உட்காரலாம். இடத்தைப் பயன்படுத்தின விதத்தில் இன்னைக்கும் அது ஒரு பாடப் புத்தகம். ஆரம்ப மாடலில் டிக்கி கதவு வெளியே இருந்து திறக்காது. "உலகத்திலேயே மலிவான கார்"ங்கிற பட்டம்தான் அதைச் சாய்ச்சது. மலிவான கார்ல வந்து இறங்க யாருக்கும் மனசு வரல. 2018-இல் உற்பத்தி நின்னு போச்சு.

நானோவில் இருந்து நான் எடுத்துக்கிற பாடம் இதுதான்: நட்டையும் வைப்பரையும் எண்ணி எண்ணி ஓர் இன்ஜினியர் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கலாம். வரிப் படி ஒரே தாவலில் ஒன்றரை லட்சத்தைத் தூக்கிப் போட்டுடும். விலை குறையணும்னா ஸ்பேனர் பிடிக்கிற கை மட்டும் போதாது.

ஆக விலை ஏற்றம் ரெண்டு வகை. ஏர்பேகுக்கும் புகை வடிகட்டிக்கும் கொடுக்கிற காசு உங்க உயிருக்கும் ஊர்க் காற்றுக்கும் திரும்ப வருது. 4001-ஆவது மில்லிமீட்டருக்குக் கொடுக்கிற காசு காரில் எங்கேயும் இல்லை.

வேற எப்படிக் கோடு போடலாம்?

ஜப்பானும் கோடு போட்டிருக்கு. கெய் கார்னு பேரு, 1949-இலேயே தொடங்கினது. இப்போதைய விதிப்படி நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48, உயரம் 2 மீட்டர், இன்ஜின் 660 சிசி. மொத்தப் பெட்டியையும் கட்டிப் போட்டுட்டாங்க. அங்கேயும் எல்லாரும் விளிம்பில்தான் நிக்கிறாங்க. ஆனா அந்தக் கோட்டுக்குள்ளே நிக்கிற கார் உண்மையிலேயே சின்னது. குறுகலான தெரு, பார்க்கிங் பஞ்சம்னு அவங்க பிரச்சினைக்கு நேரா பதில் சொல்லுது. ஜப்பானில் விற்கிற புதுக் கார்களில் மூணுல ஒரு பங்குக்கு மேல் கெய்தான். நம்ம கோடு நீளத்தை மட்டும் பிடிச்சது, அகலத்தையும் எடையையும் விட்டுடுச்சு. அதனால 3995 மி.மீ. நீளத்தில் நாளுக்கு நாள் கனமாகிற, அகலமாகிற ஒரு பெட்டிக்கும் "சின்ன கார்" சலுகை போகுது.

பிரான்ஸ் வேற வழி. 2022-இல் 1800 கிலோவைத் தாண்டின காருக்கு எடை வரி கொண்டு வந்தாங்க. தாண்டின ஒவ்வொரு கிலோவுக்கும் 10 யூரோ. 2024-இல் எல்லையை 1600 கிலோவாக இறக்கினாங்க. கவனிங்க, இது படி இல்லை, சாய்வு. ஒரு கிலோ கூடினா ஒரு கிலோவுக்கு மட்டும் காசு. இன்ஜினியருக்கு ஒவ்வொரு கிலோவைக் குறைக்கவும் காரணம் இருக்கு, எந்த இடத்திலும் குதிச்சு விழப் பள்ளம் இல்லை.

என் கருத்து இதுதான், நீங்க மறுக்கலாம்: சின்ன காருக்குச் சலுகை இருக்கட்டும். ஆனா அது டேப் வெச்சு அளக்கிற சலுகையா இல்லாம, எடைக்கும் புகைக்கும் ஏத்த மாதிரி மெதுவா ஏறுற சாய்வா இருக்கணும். அப்போ டிக்கியை நசுக்குறதுக்குப் பதிலா எடையைக் குறைக்க டிசைனர் மூளையைச் செலவழிப்பார். அந்த உழைப்புக்குப் பலன் பெட்ரோல் பங்கில் உங்களுக்குத் தெரியும்.

உங்க முதல் காருக்கு வருவோம்

இதையெல்லாம் படிக்கிற நீங்க இன்னும் ரெண்டு, மூணு வருஷத்தில் வேலைக்குப் போவீங்க. முதல் ஆறு மாசச் சம்பளம் கையில் வந்ததும் ஷோரூம்ல இருந்து போன் வரும். அப்போ ஞாபகம் வெச்சுக்க நாலே விஷயம் சொல்றேன்.

ஒன்னு, படிகளைத் தெரிஞ்சுக்கோங்க. எக்ஸ்-ஷோரூம் 9.99 லட்சம்னு போட்ட காருக்கு 13 சதவீதத்தில் சாலை வரி சுமார் 1.30 லட்சம். அதே காரில் ஒரு கலர் ஆப்ஷன் சேர்த்து 10.01 ஆச்சுன்னா 18 சதவீதத்தில் 1.80 லட்சம். ரெண்டாயிரம் ரூபாய் கலருக்கு அம்பதாயிரம் வரி. ஒரு வேரியன்ட் மேலே போகச் சொல்லி சேல்ஸ்மேன் இழுக்கும்போது எந்தப் படியைத் தாண்டுறீங்கன்னு முதலில் கேளுங்க. இன்சூரன்ஸ்லயும் மூன்றாம் நபர் பிரீமியம் 1000 சிசி, 1500 சிசின்னு ரெண்டு படியில் ஏறும். புதுக் காருக்கு மூணு வருஷத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே கட்டணும்.

ரெண்டு, எப்பவும் ஆன்-ரோடு விலையில் பேசுங்க. விளம்பரத்தில் இருக்கிறது எக்ஸ்-ஷோரூம். நம்ம மாநிலத்தில் ரெண்டுக்கும் நடுவில் ஒரு நல்ல பைக்கோட விலை உட்கார்ந்திருக்கும்.

மூணு, இஎம்ஐயை மட்டும் பார்க்காதீங்க. 10 லட்சம் கடன், 9 சதவீத வட்டின்னு வெச்சுக்கோங்க. அஞ்சு வருஷம்னா மாசம் சுமார் 20,760, மொத்த வட்டி 2.45 லட்சம். ஏழு வருஷம்னா மாசம் சுமார் 16,090, மொத்த வட்டி 3.51 லட்சம். "மாசம் வெறும் பதினாறாயிரம்தான் சார்"ங்கிற வார்த்தைக்குப் பின்னாடி ஒரு லட்சத்துக்கு மேல் மறைஞ்சிருக்கு. அதோட மாசம் 1000 கி.மீ. ஓட்டுனா, லிட்டருக்கு 18 கி.மீ., லிட்டர் 100 ரூபாய்ங்கிற கணக்கில் பெட்ரோல் மட்டும் 5,500-ஐத் தாண்டும். மாசம் 40,000 கையில் வாங்குறவருக்கு இது பாதிச் சம்பளத்துக்கு மேல். கார் உங்களைச் சுமக்குதா, நீங்க காரைச் சுமக்குறீங்களான்னு அங்கேயே தெரிஞ்சிடும். சாப்பாடு, வாடகை, வீட்டுக்கு அனுப்புறது போக மிச்சத்தில் ஓடுற காரே உங்க கார். பழைய காருக்கும் வெட்கப்பட வேண்டாம். முதல் ஓனர் ஜிஎஸ்டியும் சாலை வரியும் கட்டின வண்டி அது. அந்தக் காசில் ஒரு பகுதியாவது முதல் சில வருஷத் தேய்மானத்தோட உங்களுக்காகக் கழிஞ்சிருக்கும்.

நாலு, ஒவ்வொரு வசதிக்கும் நேரா நின்னு கேளுங்க: இந்தக் காசு எங்கே போகுது? இரும்புக்கா, பாதுகாப்புக்கா, பிளாஸ்டிக் பட்டைக்கா, வரிப் படிக்கா? சன்ரூஃபும் பெரிய திரையும் இருக்கிற வேரியன்டைவிட, கிராஷ் டெஸ்டில் நல்ல மதிப்பெண் வாங்கின சாதாரண வேரியன்ட் எனக்கு எப்பவும் மேல். 2023 அக்டோபரில் இருந்து பாரத் என்சிஏபி நம்ம நாட்டிலேயே மோதிப் பார்த்து ஸ்டார் கொடுக்குது. பட்டியல் இலவசமா கிடைக்குது. ஷோரூம் காபி குடிக்கிறதுக்கு முன்னாடி அதைப் படிச்சிடுங்க.

நம்மில் சிலர் ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ மஹிந்திரா சிட்டியிலோ டிசைன் டேபிளில் உட்காரப் போறோம். அங்கே உங்க கையில் முதலில் கொடுக்கிற எண் 3995-ஆதான் இருக்கும். அதுக்குள்ளே அடங்குற கார் வரையுறது உங்க வேலை. அந்த எண் எங்கிருந்து வந்தது, யாருக்கு நல்லது, இன்னும் தேவையான்னு கேக்கிறதும் நம்ம வேலைதான்.